கறுப்புக் காரைத் தினமும் துடைக்க வேண்டாம்

இலக்கியம் பேசுவோர் கூடுமிடத்தில் கார் கழுவுவதைப் பற்றி என்ன பேச்சு என்று முகம் சுளிக்கும் அன்பர்கள் சிலர் இருக்கக்கூடும். ஒரு பொருளைப் பேணத் தெரிவதும் ரசனையைச் சேர்ந்த விஷயமே என்பது நம் கட்சி. பழைய பதிப்பு ஒன்றை எச்சில் தொட்டுப் புரட்டுகிறவரைக் கண்டால் நமக்குப் பதைக்கிறது. பட்டுப் புடவையை அவ்வப்போது மடிப்பு மாற்றி வைக்க வேண்டும் என்பதும், பித்தளைக்குப் புளி போட்டுத் தேய்க்க வேண்டும் என்பதும் யாரும் வகுப்பெடுக்காமலே நம் வீடுகளில் வழிவழியாக வந்த அறிவு. காருக்கு மட்டும் அப்படியொரு மரபு நம்மிடம் உருவாகவில்லை. வாங்குவதற்குப் பல லட்சம் செலவிடுகிறோம். துடைப்பதற்குக் கிழிந்த பனியனை எடுத்துக் கொடுக்கிறோம்.

கறுப்பு, கருநீலம், அடர்சாம்பல் என்று கருநிற வண்டி வாங்கியவர்கள் ஓராண்டுக்குள் ஒரே முறையீட்டுக்கு வந்து சேர்கிறார்கள். ஷோரூமில் கண்ணாடிபோல் நின்ற வண்டி, நடுப்பகல் வெயிலில் சிலந்தி வலை போர்த்தியதுபோல் நிற்கிறது. யாரோ வேண்டுமென்றே கீறிவிட்டார்கள், பக்கத்து வீட்டுப் பையனின் சைக்கிள் உரசிவிட்டது, கம்பெனிக்காரன் பெயிண்டில் ஏமாற்றிவிட்டான் என்று காரணங்கள் அடுக்கப்படுகின்றன. நம் கருத்து வேறு. அந்த மெல்லிய கீறல்களில் பெரும்பாலானவை வண்டியைச் சுத்தம் செய்யும்போது விழுந்தவை. அதிலும் முதற் குற்றவாளி, விடியற்காலையில் ஒருநாள் தவறாமல் நடக்கும் அந்தத் துடைப்புதான். சும்மா கிடக்கும் தூசி காரைக் கீறுவதில்லை; அதைத் தேய்க்கும் கைதான் கீறுகிறது. ஏன் அப்படி என்றும், மாற்று என்ன என்றும், இதில் யாருடைய பிழைப்பு சிக்கிக் கிடக்கிறது என்றும் பார்ப்போம்.

தமிழில் கார் என்றாலே கருமைதான். மழைமேகத்துக்கும் மழைக்காலத்துக்கும் அப்பெயர் உண்டு. ஆங்கிலத்திலிருந்து வந்த காருக்கும் இந்தக் காருக்கும் உறவில்லை என்றாலும், கறுப்புக் கார் என்று சொல்லும்போது ஒரே சொல்லை இருமுறை சொல்வதுபோல் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் மேகத்தின் கருமையில் வேறெதுவும் தெரிவதில்லை. வண்டியின் கருமையிலோ எதிரே நிற்பதெல்லாம் தெரிகிறது. கறுப்புக் காரின் அழகு என்று நாம் பாராட்டுவது உண்மையில் அதன்மேல் விழும் பிம்பத்தைத்தான். தெருவோர வேப்பமரமும் மேலேயுள்ள வானமும் கலங்காமல் தெரிந்தால் வண்டி பளபளக்கிறது என்கிறோம்.

இந்தப் பிம்பம் எங்கிருந்து வருகிறது? இன்றைய கார்களில் நிறப்பூச்சுக்கு மேல் நிறமற்ற பூச்சு ஒன்று உண்டு. பட்டறையில் அதைக் கிளியர் கோட் என்பார்கள். அதன் மேற்பரப்பில் செங்குத்தாக விழும் ஒளியில் ஏறத்தாழ 4 சதவீதம்தான் கண்ணாடியில் பட்டதுபோல் திரும்புகிறது. மீதி உள்ளே போய்விடுகிறது. வெள்ளைக் காரில் உள்ளே போன ஒளியும் நாற்புறம் சிதறி வெளியே வருவதால் வண்டி முழுவதும் வெளிச்சமாகத் தெரிகிறது. கறுப்புக் காரில் உள்ளே போன ஒளியில் மிகப் பெரும்பகுதி திரும்புவதே இல்லை. நம் கண்ணுக்கு எட்டுவது மேற்பரப்பு தரும் அந்தச் சிறு பங்குதான். அங்கே ஒரு கீறல் விழுந்தால் அது வெயிலைத் தன் போக்கில் சிதறடிக்கிறது. வெள்ளையின் வெளிச்சத்தில் அந்தச் சிதறல் கரைந்துபோகும். கறுப்பில் அது இருட்டறையில் கிழித்த தீக்குச்சிபோல் தனித்து நிற்கும். ஆகவே கறுப்பு நிறமே எளிதில் கீறக்கூடியது என்ற பேச்சில் உண்மை குறைவு. வெள்ளைக் காரிலும் அதே கீறல்கள் உண்டு. வெள்ளை மறைக்கிறது, கறுப்பு காட்டிக்கொடுக்கிறது.

கீறல்கள் வட்டவட்டமாகத் தெரிவது ஏன் என்ற ஐயமும் பலருக்கு உண்டு. வட்டமாகத் துடைத்ததால் என்பார்கள். அதற்குத் துடைத்த விதத்தைக் காட்டிலும் பார்க்கும் விதமே பெரிய காரணம். நாள்பட்ட எவர்சில்வர் தட்டு ஒன்றை விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். விளக்கின் பிம்பத்தைச் சுற்றிக் கீறல்கள் வளையம் கட்டி நிற்கும். தட்டை நகர்த்தினால் வளையமும் கூடவே நகரும். கீறல்கள் எல்லாத் திசையிலும் கிடக்கின்றன. அவற்றுள் ஒளிக்குக் குறுக்காக அமைந்தவை மட்டுமே நம் கண்ணை நோக்கி ஒளியைத் திருப்புகின்றன. அவற்றை மட்டும் காணும் கண்ணுக்கு அது வட்டமாகப் படுகிறது. பானட்டில் சூரியனைச் சுற்றித் தெரியும் சிலந்தி வலையும் இதே சங்கதிதான். மேகமூட்டமான நாளில் அது தெரியாது. வெயிலிலும் தெருவிளக்கின் கீழும் தெரியும். பழைய கறுப்பு வண்டியை விலைக்குப் பார்க்கப் போகிறவர்கள் நல்ல வெயில் நேரத்தில் போவது நலம் என்பதை இங்கே இடைச்செருகலாகச் சொல்லிவைக்கிறோம்.

இனி அந்தப் பூச்சின் கனத்தைப் பார்க்க வேண்டும். மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமயிர் ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான். கிளியர் கோட்டின் கனமோ பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரானுக்குள் அடங்கிவிடும். அதாவது ஒரு மயிரிழையைவிட மெல்லிய பூச்சு. வெயிலின் புறஊதாக் கதிரிலிருந்து கீழேயுள்ள நிறத்தைக் காப்பதும் அதுதான். இதன்மேல் வந்து உட்காரும் தூசியில் என்ன இருக்கிறது? நம் ஊர்த் தூசியில் மண்ணும், கட்டட வேலையிலிருந்து பறக்கும் மணலும், சிமெண்டும் கலந்திருக்கும். மணலின் பெரும்பகுதி குவார்ட்ஸ். தாதுக்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் அதற்கு 7. ஜன்னல் கண்ணாடிக்குச் சுமார் 5.5. கண்ணாடியையே கீறக்கூடிய துகளைப் பிளாஸ்டிக் போன்ற மென்மையான பூச்சின்மேல் வைத்து, உலர்ந்த துணியால் அழுத்தி, மூலைக்கு மூலை இழுக்கிறோம். நாம் அதற்குத் துடைத்தல் என்று பெயர் வைத்திருக்கிறோம். தச்சர் அதையே உப்புத்தாள் போடுதல் என்பார்.

இதற்குக் கைமேல் கிடைக்கும் சான்று ஒன்று உண்டு. தூசி படிந்த வண்டியைக் கண்டால் சிறுவர்களுக்குக் கை ஊறும். விரலால் பெயரெழுதிவிட்டுப் போவார்கள். வெள்ளைக் காரில் அது கழுவியதும் மறைந்துவிட்டதாகத் தோன்றும். கறுப்புக் காரில், கழுவித் துடைத்துப் பல மாதம் ஆன பின்னும், சாயும் வெயிலில் அந்தப் பெயரைப் படிக்கலாம். நீரில் எழுதிய எழுத்தைப் போல் தூசியில் எழுதிய எழுத்தும் அழியும் என்று நினைக்கிறோம். கருநிறப் பூச்சின்மேல் அது கல்லெழுத்தாகிவிடுகிறது. ஒரு விரல் ஒருமுறை நகர்ந்ததற்கே இவ்வளவு என்றால், ஓர் உள்ளங்கை நிறைய துணி ஆண்டுக்கு முந்நூறு முறை நகர்ந்தால் என்ன ஆகும் என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்பதற்கு நம்மிடம் ஓர் ஊகம் உண்டு. தலைமுறை தலைமுறையாக நம் சாலைகளை ஆண்டது அம்பாசடர். அரசாங்க வண்டிகள் என்றால் பெரும்பாலும் வெள்ளை. அந்தக் காலத்துப் பூச்சுக்கு மேலே தனியாகக் கிளியர் கோட் கிடையாது, நிறப்பூச்சே மேற்பூச்சு. வெயிலில் அது வெளிறிச் சுண்ணாம்பாய் உதிரும். அதைத் தேய்த்து எடுத்தால் புதுநிறம் வெளிவரும். அங்கே தேய்ப்பது பராமரிப்புதான். ஓட்டுநர் தினமும் காலையில் துடைப்பதும், மண்ணெண்ணெய் தொட்ட துணியால் ஒரு மினுமினுப்பு ஏற்றுவதும் அந்த வண்டிக்கு அவ்வளவு கேடு செய்ததாகத் தெரியவில்லை. செய்திருந்தாலும் வெள்ளை மறைத்துவிட்டது. அம்பாசடர் உற்பத்தி 2014இல் நின்றுபோனது. வண்டி போய்விட்டது, அதில் பழகிய கை மட்டும் போகவில்லை. இன்று அதே கை, வேறு வகைப் பூச்சின்மேல், எதையும் மறைக்காத நிறத்தின்மேல் நடமாடுகிறது.

அது யாருடைய கை? இங்கேதான் விஷயம் பெயிண்டைத் தாண்டிப் போகிறது. நம் நகரங்களின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் விடிவதற்கு முன்பே ஒருவர் வருகிறார். ஒரு வாளி, ஒரு துணி, பத்துப் பதினைந்து வண்டிகள். வண்டிக்கு மாதம் சில நூறு ரூபாய் கூலி. எல்லாரும் அலுவலகம் கிளம்புமுன் முடித்தாக வேண்டும். முதல் வண்டியின் சக்கரத்தைத் துடைத்த துணிதான் ஏழாம் வண்டியின் பானட்டைத் துடைக்கிறது. வாளித் தண்ணீர் நான்காம் வண்டியிலேயே சேற்று நிறத்துக்கு வந்துவிடுகிறது. வேறு தண்ணீர் எடுக்கக் குடியிருப்பில் அனுமதி இருக்காது. வேறு துணி வாங்கித் தர யாருக்கும் தோன்றியதில்லை. ஒருநாள் அவர் வராவிட்டால் அன்றே தொலைபேசி பறக்கிறது. ஓராண்டு கழித்துக் கறுப்பு வண்டியில் வலை தெரிந்ததும், வேலை தெரியாத ஆள் என்ற பழி அவர்மேல் விழுகிறது. சில வீடுகளில் கூலியும் பிடிக்கப்படுகிறது.

இது அநியாயம் என்பதைத் தயக்கமின்றிச் சொல்ல வேண்டும். அவர் செய்தது, நாம் செய்யச் சொன்னதைத்தான். தினமும் துடை என்றோம், துடைத்தார். எதனால் துடைப்பது, எத்தனை தண்ணீரில், எவ்வளவு நேரத்தில் என்பதையெல்லாம் நாம் பேசவே இல்லை. ஐந்து நிமிடத்தில் ஒரு காரைக் கீறாமல் சுத்தம் செய்ய உலகில் எந்த வல்லுநராலும் இயலாது. கெட்டுப்போனது ஒப்பந்தம், பழி வாங்குவது தொழிலாளி.

நாம் முன்வைக்கும் மாற்று எளியது. தினத் துடைப்பை நிறுத்துங்கள், கூலியை நிறுத்தாதீர்கள். தினமும் ஐந்து நிமிடம் என்பதை வாரத்துக்கு ஒருமுறை அரைமணி நேரம் என்று மாற்றிக்கொள்ளுங்கள். கூட்டிப் பார்த்தால் நேரம் ஒன்றுதான். மற்ற நாட்களில் முன்கண்ணாடி, பின்கண்ணாடி, பக்கக் கண்ணாடிகள், விளக்குகள், நம்பர் பலகை ஆகியவற்றை மட்டும் ஈரத்துணியால் துடைத்தால் போதும். ஓட்டுபவருக்கு வழி தெரிய வேண்டும், அது பாதுகாப்பு. கதவின் மேலிருக்கும் தூசியால் யாருக்கும் எந்த ஆபத்தும் இல்லை.

வாரத்துக்கொருமுறை நடக்கும் அந்தக் கழுவல் எப்படி இருக்க வேண்டும்? பானட்டைத் தொட்டால் சூடு தெரியாத நேரமாகப் பார்த்து, நிழலில் தொடங்க வேண்டும். கறுப்பு வெயிலை வாங்கிக்கொள்ளும் நிறம். சூட்டில் ஷாம்பூவும் தண்ணீரும் அங்கேயே காய்ந்து கறையாகும். முதற் காரியம், துணி படாமல் தண்ணீரை மட்டும் மேலிருந்து கீழாக விட்டு, சிறிது நேரம் ஊறவிட்டு, மறுபடி விடுவது. மணலில் பெரும்பங்கு இந்தக் கட்டத்திலேயே போய்விட வேண்டும். கையால் தொடுமுன் எவ்வளவு மண் போகிறதோ அவ்வளவு கீறல் குறைந்தது என்று பொருள்.

பிறகு இரண்டு வாளி. ஒன்றில் கார் ஷாம்பூ கலந்த தண்ணீர், மற்றதில் வெறும் தண்ணீர். துணியை ஷாம்பூவில் முக்கி, ஒரு பகுதியைக் கழுவி, வெறும் தண்ணீரில் அலசிப் பிழிந்து, அதன் பின்னரே மறுபடி ஷாம்பூவில் முக்க வேண்டும். அலசிய மண் இரண்டாம் வாளியின் அடியில் தங்கும். அடியில் துளையுள்ள பிளாஸ்டிக் வடிதட்டு ஒன்றைக் கவிழ்த்துப் போட்டால் துணி அந்த மண்ணைக் கிளறாது. கூரையில் தொடங்கிக் கண்ணாடி, பானட், கதவின் மேற்பாதி என்று இறங்கி வர வேண்டும். கதவின் கீழ்ப்பாதியும் பம்பரும் கடைசி. அங்கேதான் சாலை மண் மிகுதி. சக்கரத்துக்குத் தனித் துணி, தனி வாளி. அந்தத் துணி ஒருபோதும் மேலே ஏறக் கூடாது. கையை நேர்கோட்டில் நகர்த்துவது நல்லது. தப்பித் தவறி ஒரு கீறல் விழுந்தாலும் ஒரு கோணத்தில் மட்டுமே தெரியும். அழுத்தவே வேண்டாம், துணியின் எடையே போதும்.

துணி என்றால் மைக்ரோஃபைபர். பாலியஸ்டரும் பாலியமைடும் கலந்த மிக நுண்ணிய இழைகளால் ஆனது. தூசியைத் தன் இழைகளுக்குள் இழுத்துக்கொள்ளும். பனியன் துணியிலும், சாலைச் சிக்னலில் விற்கும் மஞ்சள் துணியிலும் தூசி மேற்பரப்பிலேயே நின்று உப்புத்தாளாகிவிடும். மைக்ரோஃபைபர் துணியின் ஓரத்தில் தைத்த லேபிளை வெட்டிவிட வேண்டும், அதுவும் கீறும். துவைக்கும்போது மற்றத் துணிகளோடு போடக் கூடாது, வாசனைக்காக ஊற்றும் மென்மையூட்டியும் கூடாது. இழைகளின்மேல் படலம் படிந்து உறிஞ்சும் திறன் போய்விடும். துணி தரையில் விழுந்துவிட்டால் அன்றைக்கு அதன் வேலை முடிந்தது. உதறிவிட்டு எடுத்துக்கொள்ளும் பழக்கத்துக்குக் கறுப்புக் கார் இடங்கொடுக்காது. பாத்திரம் துலக்கும் திரவமும் சலவைத்தூளும் வேண்டாம். வண்டியின்மேல் மெழுகு பூசியிருந்தால் அவை அதை அரித்து எடுத்துவிடும்.

கடைசியில் உலர்த்தல். தமிழில் ஒற்றுதல் என்று ஓர் அருமையான சொல் இருக்கிறது. கண்ணீரை ஒற்றுவோம், மை காயாத எழுத்தை ஒற்றுவோம், தேய்க்க மாட்டோம். காரின்மேல் நிற்கும் நீரையும் அப்படித்தான் பெரிய துணியை விரித்து ஒற்றி எடுக்க வேண்டும். தானாகக் காயட்டும் என்று விட்டுவிடலாமா என்றால், நம் ஊர்த் தண்ணீர் அதற்கு ஒத்துவராது. ஆழ்துளைக் கிணற்று நீரில் கால்சியம், மக்னீசிய உப்புகள் மிகுதி. நீர் ஆவியாகும், உப்பு வெள்ளை வளையமாக நிற்கும். நாளாக ஆக அது பூச்சைப் பற்றிக்கொள்ளும். பின்பு தேய்த்துத்தான் எடுக்க வேண்டிவரும். தேய்த்தால் என்ன ஆகும் என்பதை மேலே பார்த்தோம்.

சிக்கனம் கருதி, ஆர்.ஓ. இயந்திரம் வெளித்தள்ளும் நீரில் கார் கழுவச் சொல்கிறார்கள். நல்லெண்ணம்தான். ஆனால் வடிகட்டியில் ஒதுக்கப்பட்ட உப்பெல்லாம் சேர்ந்த நீர் அது. சாதாரண நீரைவிடக் கடினமானது. சக்கரத்துக்கும் முதல் அலசலுக்கும் அதைப் பயன்படுத்தலாம்; கறுப்புப் பூச்சின்மேல் கடைசி நீராக அது கூடாது. மாறாக, ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீர் காற்றின் ஈரம் குளிர்ந்து இறங்கியது. அதில் உப்பு இல்லையென்றே சொல்லலாம். வீணாய்ச் சுவரில் வழியும் அந்த நீரை ஒரு வாளியில் பிடித்து வைத்தால், கடைசி அலசலுக்கு அதைவிடச் சிறந்தது கிடைப்பது அரிது.

தண்ணீர் என்றதும் ஒரு கணக்கையும் சொல்லிவிட வேண்டும். நிமிடத்துக்கு 10 லிட்டர் விடும் குழாயைக் கால்மணி நேரம் திறந்துவைத்தால் 150 லிட்டர் போய்விடும். வாளிகளில் அளந்து கழுவினால் 40, 50 லிட்டரில் முடிக்கலாம். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்ற நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வறண்டு, ஜூலை மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததைக் கண்ட ஊர் சென்னை. 2024 மார்ச்சில் பெங்களூரு குடிநீர் வாரியம், குடிநீரில் வாகனம் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. காரை அடிக்கடி கழுவுவது ஒருகாலத்தில் ஒழுங்கின் அடையாளமாக இருந்திருக்கலாம். நீருக்கு வரிசையில் நிற்கும் ஊரில் அதை அப்படிச் சொல்ல நமக்கு நா எழவில்லை. கறுப்புக் காரின் நலனும் ஊரின் நலனும் இந்த இடத்தில் ஒன்றாகிவிடுவது நம் நல்லூழ்: இரண்டுக்கும் தேவை, குறைவாகக் கழுவுதல்.

வாரம் முழுதும் காத்திருக்க முடியாத அழுக்குகள் சில உண்டு. காக்கை எச்சம் அவற்றுள் முதன்மையானது. அது அமிலத்தன்மை கொண்டது; வெயிலில் சூடேறிய கறுப்புப் பூச்சின்மேல் ஓரிரு நாள் கிடந்தால் அதன் வடிவிலேயே பள்ளம் விழும். நகத்தால் சுரண்டக் கூடாது. எச்சத்தில் மணலும் விதையும் இருக்கும். நனைந்த துணியை அதன்மேல் பத்து நிமிடம் போட்டுவைத்தால் இளகிவரும். பிறகு ஒற்றி எடுக்கலாம். நாவல் பழக் கறைக்கும், மரத்தடியில் நிறுத்தும் வண்டியில் படியும் பிசினுக்கும் இதே முறைதான். ஆயுத பூஜையன்று இடும் விபூதிக்கும் சந்தனத்துக்கும் ஓர் ஏற்பாடு சொல்லலாம்: பட்டையையும் பொட்டையும் கண்ணாடியின் ஓரத்தில் இடுங்கள். சாம்பலால் பாத்திரம் துலக்கிய வம்சம் நாம். அது உராய்ந்து தேய்க்கும் பொருள் என்பதை மறந்துவிடக் கூடாது. பானட்டில்தான் இட வேண்டும் என்பவர்கள், மறுநாள் உலர்ந்த துணியால் துடைக்காமல் தண்ணீர் விட்டுக் கழுவினால் போதும்.

கீறல் விழுந்துவிட்ட வண்டிக்கு என்ன வழி என்ற கேள்வி எஞ்சுகிறது. பாலிஷ் போட்டால் கீறல் போய்விடும் என்கிறார்கள். எப்படிப் போகிறது என்பதைத் தெரிந்துகொண்டு முடிவு செய்வது நல்லது. பாலிஷ் பள்ளத்தை நிரப்புவதில்லை. பள்ளத்தின் ஆழத்துக்கு மேட்டையெல்லாம் தேய்த்துத் தாழ்த்துகிறது. அந்த மயிரிழைக் கனத்தில் ஒவ்வொரு முறையும் சிறிது குறைகிறது. திறமையான கைகளில், சில ஆண்டுகளுக்கொருமுறை என்றால் அது தாங்கும். ஆறு மாதத்துக்கொருமுறை பாலிஷ், இடையில் தினத் துடைப்பு என்று போனால், ஒருநாள் மேற்பூச்சு தீர்ந்து திட்டுத் திட்டாக வெளிறத் தொடங்கும். அதற்கு மேல் டிங்கரிங் பட்டறையில் மறுபூச்சுத்தான். வேறு சில பாலிஷ்கள் எண்ணெய்ப் பசையால் கீறலை அடைத்து மறைப்பவை. நான்கு முறை கழுவியதும் கீறல் மறுபடி தலைகாட்டும்.

செராமிக் கோட்டிங் போட்டால் கவலையே இல்லை என்று பல ஆயிரம் வாங்குகிறார்கள். 9எச் கடினம் என்று பெருமையாகச் சொல்லப்படுகிறது. அது பென்சில் முனையால் பூச்சைச் சோதிக்கும் அளவுகோலில் வரும் 9எச். வைரத்துக்குப் பத்து மதிப்பெண் போடும் மோஸ் அளவுகோலோடு அதற்குத் தொடர்பில்லை. பென்சிலுக்குக் கீறாதது மணலுக்குக் கீறும். அந்தப் பூச்சால் பயன் உண்டு: தண்ணீர் ஒட்டாமல் உருண்டோடும், அழுக்கு எளிதில் விடும், கழுவும் வேலை குறையும். அந்த அளவுக்கு அது நல்லதே. அதைப் போட்டுவிட்டுக் காலையில் உலர்ந்த துணியால் துடைக்கலாம் என்று நினைப்பவர், கவசம் வாங்கிவிட்டோம் என்று தினமும் போருக்குப் போகிறவருக்கு ஒப்பானவர்.

நம் வாதத்துக்கு இரண்டு மறுப்புகள் வரக்கூடும். ஒன்று: தூசி படிந்த காரில் போனால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்? நாலு பேர் தங்கள் காரில் படிந்த தூசியைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது நம் அனுபவம். இரண்டாவது மறுப்பு கனமானது: கார் என்பது போய்வருவதற்கான பொருள், அதில் நான்கு கீறல் விழுந்தால் குடியா முழுகிவிடும்? இந்தக் கருத்தில் நமக்கு மதிப்பு உண்டு. பழகும் பொருள் தேயத்தான் செய்யும்; தேய்வைக் கண்டு தூக்கம் கெடுபவரைவிட, எவர்சில்வர் தட்டில் சாப்பிட்டுவிட்டுக் கழுவி வைப்பவர் மனநலம் மிக்கவர். ஆனால் அப்படிச் சொல்பவர் அதில் உறுதியாக நிற்க வேண்டும். கீறல் ஒரு பொருட்டில்லை என்றால், கீறலுக்காகத் துடைப்பவரை ஏசுவதும் கூடாது. கீறல் பொருட்டு என்றால், கீறாமல் கழுவத் தேவையான துணியையும் தண்ணீரையும் நேரத்தையும் அவருக்குத் தர வேண்டும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். எதையும் தராமல் பளபளப்பை மட்டும் கேட்பதற்கு வழியில்லை.

ஆகவே கருநிற வண்டி வைத்திருக்கும் அன்பர்களுக்கு நம் வேண்டுகோள் இது. இந்த வாரம் உங்கள் வண்டியைத் துடைக்க வருபவரோடு பத்து நிமிடம் நின்று பேசுங்கள். நான்கு மைக்ரோஃபைபர் துணியும், இரண்டு வாளியும், ஒரு ஷாம்பூவும் வாங்கி அவர் கையில் கொடுங்கள். தினமும் துடைக்க வேண்டாம், வாரத்துக்கொருமுறை நிதானமாகக் கழுவினால் போதும், கூலி அப்படியேதான் என்று சொல்லுங்கள். முதலில் அவர் நம்ப மாட்டார். வேலையை விட்டு நிறுத்துவதற்கான முன்னுரையோ என்று அஞ்சுவார். மாதம் பிறந்து முழுக்கூலி கைக்கு வந்ததும் நம்புவார். தனக்கென்று தந்த நேரத்தில் அவர் கழுவிய வண்டியை ஓராண்டு கழித்து நடுப்பகல் வெயிலில் நிறுத்திப் பாருங்கள்.